தட்டிப் பாரு தம்பி!

மண்பானை வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன்பே விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள் என் அம்மா. 'ணங்' என்றால் பேரம் ஆரம்பம். 'டொப்' என்றால் அடுத்த பானை. எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஆனாலும், பாறைகளின் மீள்தன்மையை ஆராய்ச்சி செய்யப் போன இடத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. படித்த படிப்பு அப்படி!

என் வேலை இதுதான்: விரல் நீளக் கருங்கல் உருளை ஒன்று. அதன் ஒரு முனையில் ஒலி அலையைக் கொடுத்து, மறுமுனைக்கு எத்தனை மைக்ரோ செகண்டில் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். வேகம் தெரிந்தால் கல்லின் விறைப்பு தெரிந்துவிடும். நல்ல கருங்கல்லில் செகண்டுக்கு ஐந்தரை, ஆறு கிலோமீட்டர் ஓடும். உள்ளே ஓட்டை இருந்தால் கொஞ்சம் குறையும். என் ஃபார்முலா, ஓட்டை எல்லாம் சீடை மாதிரி உருண்டை என்று வைத்துக்கொண்டது. என் கல்லில் ஓட்டை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆக, வேகம் 5.8 வந்தே தீர வேண்டும்.

வந்தது 3.9.

மெஷினைத் திட்டினேன். ஒயரை மாற்றினேன். மறுபடியும் 3.9. காலையில் கைடிடம் நோட்டைக் காட்ட வேண்டும். சாயந்திரம் லேபில் யாருமில்லாதபோது ஒரு யோசனை வந்தது. 5.8 என்றே எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கல்லா வந்து சாட்சி சொல்லும்? ரப்பரைக் கையில் எடுத்தும் விட்டேன்.

"இன்னுமா தம்பி வீட்டுக்குப் போகலை?" என்று பூட்ட வந்தார் அட்டெண்டர். என் முகத்தைப் பார்த்தார். கல்லை எடுத்துச் சாவியால் தட்டினார்.

"ஊமைக் கல்லு தம்பி. உள்ளே கீறல் விட்டிருக்கு."

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே, அண்ணே?"

குழாயில் நனைத்தார். துடைத்து, ஃபேனுக்கு அடியில் வைத்தார். மேலே ஈரம் காய்ந்தது. மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் காயவில்லை. பக்கத்திலேயே இன்னும் இரண்டு!

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஓட்டை எவ்வளவு என்பதைவிட, என்ன வடிவம் என்பதுதான் முக்கியம். உருண்டை ஓட்டை, கோயில் வளைவு மாதிரி பாரத்தைச் சுற்றி வாங்கிக்கொள்ளும். நூற்றுக்கு ஒன்று இருந்தால் விறைப்பு இரண்டு சதவீதம் குறையும், அவ்வளவுதான். தட்டையான கீறல் அப்படியில்லை. லேசாக அமுக்கினாலே வாய் மூடிக்கொள்ளும். துளியூண்டு கீறல் போதும், மொத்தக் கல்லையும் தொளதொளவென்று ஆக்க!

அதே கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து அளந்தேன். வேகம் விறுவிறுவென்று ஏறியது. கீறலுக்குள் புகுந்த தண்ணீர் அதை மூடவிடாது. அமுக்கினால் எதிர்க்கும், பக்கவாட்டில் நழுவினால் மட்டும் கண்டுகொள்ளாது. காஸ்மன் என்பவர் 1951-லேயே இதற்குச் சமன்பாடு எழுதி வைத்துவிட்டார்.

இதைவிட வேடிக்கை, நிலாக் கல். நம் ஊர் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். வெள்ளைக்காரர்களுக்கோ நிலாவே ஒரு சீஸ் கட்டி! 1969-ல் அப்போலோ 11 கொண்டு வந்த கற்களில் ஒலி, செகண்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஷ்ரைபர், ஆண்டர்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், செடார் முதலான சீஸ்களில் ஒலி போகும் வேகத்தையும் பக்கத்தில் போட்டு, 1970-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிட்டார்கள். பாறையைவிட சீஸோடுதான் நிலா ஒத்துப்போனது! காரணம் சீஸ் இல்லை. விண்கற்கள் மோதி மோதி உண்டான கீறல்கள், அதை நிரப்ப ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வறட்சி. அவர்களும் என்னைப் போல ரப்பரை எடுத்திருந்தால்?

3.9 என்றே காட்டினேன். கைடு முதலில் முறைத்தார். ஈரக் கோட்டைக் காட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆராய்ச்சியே அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.

"கணக்குக்கு வர்ற மாதிரி மாத்தி எழுதிடலையே நீ?" என்றாள்.

"சேச்சே, இல்லேம்மா."

ரப்பர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் பேசாமல் என்னையே பார்த்தாள், பானையைத் தட்டிவிட்டுக் காது கொடுப்பாளே, அதே மாதிரி.