முட்டுக்காட்டில் ஒரு முற்பகல்

திருவான்மியூரில் மாமல்லபுரம் பஸ் ஏறி "முட்டுக்காடு" என்றால், "போட் ஹவுஸா, தட்சிணசித்ராவா?" என்றுதான் கண்டக்டர் கேட்பார். நான் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னேன். டிக்கெட்டோடு ஒரு பார்வையும் கிழித்துக் கொடுத்தார்!

பேரனுக்கு வருகிற ஜூனில் ஆறு முடிகிறது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் ஈ.சி.ஆர். முழுக்க எதிரே வந்த மஞ்சள் லாரிக்கெல்லாம் கை தட்டினான். (நான் இரண்டைத் தவறவிட்டேன். அவன் விடவில்லை.)

முந்தின வாரம் ஒரு பெரிய ஸ்கூலில் ஒண்ணாம் வகுப்பு கேட்டுப் போயிருந்தோம். பெல் அடித்ததுதான் தாமதம், காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்துவிட்டான். "போன் பண்றோம் ஸார்" என்றார்கள். பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்பார்களே, அதே ராகம்!

அதனால்தான் இந்தப் பயணம். மத்திய அரசு 2005-ல் ஆரம்பித்த, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. உப்புக்காற்று, சக்கர நாற்காலிகள், தூக்குச்சட்டியோடு வெளியூர்க் குடும்பங்கள். விடியுமுன் கிளம்பி வந்த ஓர் அம்மா, இடுப்பில் எட்டு வயசுப் பிள்ளையோடு நின்றார். "உங்க பேரன் ஓடறானே ஸார்!" என்றார். பொறாமை துளியும் இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

சிறப்பாசிரியை விவரமானவர். 1995 சட்டத்தின் 7 வகைப் பட்டியலில் ஆட்டிசம் கிடையாதாம். 2016-ல் பட்டியல் 21 ஆனபோதுதான் இடம் கிடைத்தது. 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் இஷ்டம்.

"எது பெரிய ஸ்கூல்னு தேடாதீங்க ஸார். வகுப்புல எத்தனை பிள்ளைங்க, டாய்லெட் எவ்வளவு தூரம், சிறப்பாசிரியர் என்னிக்கு வருவாங்கன்னு கேளுங்க. ஜூனுக்கு முன்னாடியே ஆளில்லாத ஒரு சாயங்காலம் கூட்டிட்டுப் போய் வகுப்பைக் காட்டுங்க. அவனைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

திரும்பும்போது போட் ஹவுஸில் இறங்கினோம். அவன் படகு பார்க்க, நான் பேனாவைத் திறந்தேன். 'பேசமாட்டான், உட்காரமாட்டான்...' மகள் பேப்பரைப் பிடுங்கி அடித்துவிட்டு எழுதினாள்: 'மஞ்சள் லாரி பிடிக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் நம் விரலைப் பிடித்து இழுப்பான். மணிச் சத்தம் பயம்.'

மறுநாள் எங்கள் தெரு மாநகராட்சிப் பள்ளி ஹெச்.எம். அதை இரண்டு தடவை படித்தார்.

"இங்கே கையால அடிக்கிற மணிதான். தினமும் அவனே வந்து அடிக்கட்டுமே. தானே அடிச்சா பயம் குறையுதான்னு பார்ப்போம்!"

ஆயா மட்டும் முணுமுணுத்தார். இருபது வருஷமாக அது அவர் வேலையாம்.