முகம் தெரியாத திண்ணை

2022 செப்டம்பர். முக்காடு சரியில்லை என்று ஈரான் காவலர்கள் பிடித்துச் சென்ற 22 வயது மாஷா அமினி, அவர்கள் பிடியில் இருந்தபோதே மயங்கி விழுந்து இறந்துபோனார். நாடெங்கும் போராட்டம் வெடித்தது. இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் அரசு முடக்கியது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசிவந்த குடும்பங்கள் தவித்தன.

அப்போது கைகொடுத்தவற்றில் ஒன்று, 'டோர்' அமைப்பின் 'ஸ்னோஃபிளேக்'. தடையில்லாத நாட்டில் இருப்பவர், தன் கணினியின் பிரவுசரில் இதைச் சேர்த்துவிட்டால் போதும். முடக்கப்பட்ட நாட்டிலிருக்கும் யாரோ ஒருவர் அந்தக் கணினி வழியாக டோர் வலைக்குள் நுழைந்து, தடைசெய்த தளங்களைப் பார்க்கலாம். கண்காணிப்பவர்களுக்கு அது ஏதோ வீடியோ கால் போலத் தோன்றும். ஒரு வழியை அடைத்தால் இன்னொன்று திறக்கும். பனித்துகள்போல வந்து வந்து மறைவதால்தான் அந்தப் பெயர்.

இணையத்தையே மொத்தமாக அணைத்துவிட்டால் இதுவும் உதவாது. ஆனால், சிறு இடுக்கு இருந்தாலும் போதும்.

வந்தவர் பெயர் என்ன, எதைப் பார்த்தார் என்பது வழிவிட்டவருக்குத் தெரியாது. நன்றி சொல்லவும் வழியில்லை. அந்தத் தெரியாமைதான் இருவருக்கும் காவல்.

வழிப்போக்கர்களுக்கென்று திண்ணை கட்டிவைத்தவர்களும், இரவு தங்கியவர் யாரென்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.