கொல்லையில் ஒரு செங்கல் அடுப்பு

மெல்பர்னுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதலில் ஆச்சரியப்படுவது பூங்காக்களில் இருக்கும் பார்பிக்யூ அடுப்புகளைப் பார்த்துத்தான். ஒரு மேடை, அதன்மேல் ஸ்டீல் தட்டு, ஒரு பொத்தான். அழுத்தினால் மின்சாரத்தில் சூடாகும். பெரும்பாலான இடங்களில் காசு கிடையாது. சமைத்து முடித்ததும் தட்டைத் துடைத்துவிட்டுப் போனால் போதும். நகரத்தின் பழைய வீடுகளில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. கொல்லையில் வேலியோரமாக, விறகுப் புகையில் கருத்துப்போய் நிற்கும் செங்கல் அடுப்பு.

மேற்குப் புறநகரில் நாங்கள் வீடு வாங்கியபோது கொல்லை வெறும் மண்ணாகக் கிடந்தது. அங்கே அப்படி ஒன்றைக் கட்ட ஆசை. ஆனால் விறகு வேண்டாம், கேஸ்தான் என்பதில் சந்தேகமே இல்லை. காரணம் இந்த ஊர்க் கோடை. வெயிலோடு வடக்கிலிருந்து அனல் காற்றும் சேரும் நாட்களில் விக்டோரியாவில் ‘டோட்டல் ஃபயர் பான்’ அறிவிப்பார்கள். அன்று வெளியில் விறகோ கரியோ மூட்டக் கூடாது. கேஸ் பார்பிக்யூவுக்கு நிபந்தனையோடு அனுமதி உண்டு. சுற்றி 3 மீட்டருக்கு எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயோ, குறைந்தது 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் வேண்டும். அடுப்பு அணையும்வரை பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். எங்கள் வேலி மரப்பலகை. அதனால் வேலியோரம் என்ற யோசனையை விட்டு, கொல்லையின் நடுப்பக்கம் வந்துவிட்டோம்.

அடுத்தது மண். மெல்பர்னின் மேற்குப் பக்கம் எரிமலைக் குழம்பு உறைந்த பாசால்ட் சமவெளி. அதன் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா விரிசலுக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். “இது நம்ம கோவில்பட்டிக் கரிசல் மாதிரில்லப்பா இருக்கு. அடித்தளம் சரியாப் போடலைன்னா சுவரு ரெண்டாப் பொளந்துரும்” என்றார். மேல்மண்ணை வெட்டியெடுத்து, ஜல்லி கொட்டி இடித்து, கம்பி வலை வைத்து 100 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் போட்டோம். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தோம். தளம் வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. மண் அசைந்தால் மொத்தமும் சேர்ந்து அசையட்டும் என்றுதான்.

செங்கல் பழசு. பிரன்ஸ்விக்கில் 1870-இல் தொடங்கிய ஹாஃப்மன் சூளையின் பெயர் பதித்த சிவப்புக் கற்கள், பழைய கட்டடச் சாமான் விற்கும் இடங்களில் இன்னமும் கிடைக்கின்றன. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கற்களாகப் பார்த்து எடுங்கள். தட்டினால் சாந்து உதிர்ந்துவிடும். சிமென்ட் சாந்து லேசில் விடாது. கலவைக்குச் சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. அப்பா நூல் பிடித்தார். நான் ரசமட்டம் வைத்துக் கல் அடுக்கினேன்.

இனிதான் முக்கியமான விஷயம். சிலிண்டரில் வரும் கேஸ் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கித் தேங்கும். நாலு பக்கமும் அடைத்த செங்கல் பெட்டிக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டரை அடுப்புக்கு நேர் கீழே வைக்காமல், நடுவில் சுவர் எழுப்பித் தனி அறையில் வைத்தோம். அந்த அறையில் தரையை ஒட்டியும் மேலேயும் திறப்புகள் விட்டோம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஓட்டை விட்டா எலி வரும்ப்பா. கதவு போட்டு மூடிரு.” காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கேஸ் வாடை வந்தா கதவைத் திறந்து போடுன்னு உங்கம்மா சொல்றது இதுக்குத்தானா?” என்றவர், எலிக்குக் கம்பி வலையை அவரே வெட்டி மாட்டினார்.

சுவருக்குள் பொருத்துவதற்கென்றே செய்த அடுப்பை மட்டும் வாங்குங்கள். சக்கரம் வைத்ததைக் கழற்றி உள்ளே சொருகக் கூடாது. அடுப்புக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, திறப்பு எவ்வளவு பெரிது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் படித்த பிறகே முதல் கல்லை வையுங்கள். வீட்டு கேஸ் லைனிலிருந்து இணைப்பதானால் லைசென்ஸ் உள்ள கேஸ்ஃபிட்டர்தான் செய்ய வேண்டும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் அன்று சமையல் இல்லை.

இப்போது ஒரு பாதியில் கம்பி, மறு பாதியில் தட்டு. கம்பியில் மிளகு தடவிய ஆட்டுக்கறியும் பிள்ளைகளுக்கு சாசேஜும். தட்டு சைவக்காரர்களுக்கு, அதில் தோசையும் வரும். வாடகை வீடுகளில் இருந்த காலத்தில் எதை வாங்கினாலும் மடக்கிக் காரில் ஏற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்ப்போம். இதை ஏற்ற முடியாது. நாங்கள் போனாலும் இது இங்கேயே நிற்கும்.

விசா முடிந்து அப்பா ஊருக்குப் போய்விட்டார். போனில் பேரப்பிள்ளைகளை விசாரித்ததும் அடுத்த கேள்வி, “சுவரு விரிசல் விட்டுருக்கா?” இரண்டு கோடை போய்விட்டது. சுற்றியுள்ள மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.