கொழும்பும் எறும்பும்

கடல் வழியே வந்தவர்களால் வளர்ந்த ஊர் கொழும்பு. அரபு வணிகர்கள் வந்தார்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நம் முன்னோர் தோணியேறி வந்து கடை வைத்தார்கள். 1875-இல் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு பெரிய கப்பல்களும் அச்சமின்றி வந்து தங்கின. உலகத்தின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கடற்பாதையில் இன்றும் இது முக்கியமான துறை.

இந்த நகரத்தின் தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனை. இரண்டிலும் தமிழ் பேசுவோர் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு முகம். வெள்ளவத்தையில் கடலோரமாகவே ரயில் ஓடுகிறது. பஜ்ர் தொழுதுவிட்டு நடந்தால் ஒரு பக்கம் தண்டவாளமும் அலையும், மறுபக்கம் காலி வீதியின் புடவைக் கடைகளும் உயர்ந்த மாடி வீடுகளும். அங்கிருந்து ரயிலில் கோட்டைக்கு வந்து இறங்கி, புறக்கோட்டையின் நெரிசலுக்குள் புகுந்தால், சம்மாங்கோட்டுப் பள்ளி என்று மக்கள் அழைக்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் சிவப்பும் வெள்ளையுமாக நம்மை நிறுத்தி வைக்கிறது. 1908-இல் கட்டத் தொடங்கிய பள்ளி அது. பிறகு செட்டியார் தெருவின் நகைக்கடைகள், ஜிந்துப்பிட்டி, அதைத் தாண்டினால் கொட்டாஞ்சேனை. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரியும்.

இந்த இரண்டு ஊர்களிலும் கேட்ட இரண்டு பேச்சுகள், எறும்பு என்ற சின்னஞ்சிறு படைப்பைப் பற்றி நிறையச் சிந்திக்க வைத்தன.

வெள்ளவத்தையில் ஒரு மஸ்அலா

வெள்ளவத்தையில் நாங்கள் தங்கிய வீட்டின் பின்புறம் சிறிய முற்றம். அதில் ஒரு பப்பாளி மரம். பப்பாசி என்பது அங்குள்ளோர் வழக்கு. மரத்தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரச் சகோதரி திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்:

"ஹஸரத், இந்த எறும்பால மிச்சம் கரச்சல். குசினியிலயும் இதுதான், மரத்திலயும் இதுதான். மருந்து அடிச்சா குத்தமா? அல்லாஹ் குர்ஆன்ல பேர் சொன்ன உயிரல்லவா?"

நல்ல கேள்வி. திருக்குர்ஆனின் 27-வது அத்தியாயத்துக்கே 'அந்நம்ல்', அதாவது எறும்பு என்று பெயர். ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போய்விடும்படி எச்சரித்ததை அதில் அல்லாஹ் கூறுகிறான். அந்த எறும்பின் பேச்சில் ஒரு நுட்பம் உண்டு. நபியின் படை வேண்டுமென்றே நம்மை மிதிக்கும் என்று அது சொல்லவில்லை. அறியாமல் மிதித்துவிடக் கூடும் என்றே சொன்னது. ஸுலைமான் (அலை) அவர்கள் புன்னகைத்து, தன் இறைவனுக்கு நன்றி செலுத்தத் துஆச் செய்தார்கள்.

எறும்பு, தேனீ முதலிய நான்கு உயிர்களைக் கொல்ல வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. முன்பிருந்த நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்தப் புற்றையே எரிக்கச் சொன்னார். கடித்தது ஒன்று, அதற்காக அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு கூட்டத்தையே அழிப்பதா என்று அவருக்கு வஹீ வந்தது. இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

இவற்றையெல்லாம் வைத்து நம் இமாம்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள்: தொல்லை தராத எறும்பைக் கொல்லக் கூடாது. உணவிலும் படுக்கையிலும் வந்து கடித்துத் தொல்லை தருமானால், வேறு வழியில்லாதபோது அளவோடு அகற்றலாம். நெருப்பால் வதைப்பது எக்காலும் கூடாது. தடுக்கப்பட்டது பெரிய எறும்பு இனமே, கடிக்கும் சிற்றெறும்புக்கு அது பொருந்தாது என்று கூறிய இமாம்களும் உண்டு.

மார்க்கச் சட்டம் இவ்வளவுதான். ஆனால் 'அளவோடு' என்ற சொல்லின் ஆழம் கொட்டாஞ்சேனையில்தான் விரிந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவர்

துறைமுகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே பேசிக்கொண்டிருந்தார். "கப்பல்ல சாமான் மட்டுமா வருது, ஹஸரத்? எலி வரும், கரப்பான் வரும், எறும்பு வரும். பில்லுல அதெல்லாம் எழுதி இருக்காது" என்று சிரித்தார்.

சிரிப்புக்குப் பின்னால் சரித்திரம் இருக்கிறது. 1914-இல் கொழும்பைப் பிளேக் நோய் தாக்கியது. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியால் பரவும் நோய் அது. அழையாத விருந்தாளிகளின் வரவு துறைமுக நகரத்துக்குப் புதிதல்ல.

இப்படி ஒரு விருந்தாளியால் பெரிதும் அவதிப்பட்ட நாடு அமெரிக்கா. பிரேசில், அர்ஜென்டினா பக்கத்து நெருப்பெறும்பு 1930-களில் கப்பல் வழியாக அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுகத்தில் இறங்கியது. கடித்தால் தீப்பட்டது போல எரியும், கொப்புளம் எழும்பும், சிலருக்கு ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து. கன்றுகளையும் குஞ்சுகளையும் அது விட்டுவைக்கவில்லை. தென் மாநிலங்கள் எங்கும் பரவிவிட்டது.

1957-இல் அமெரிக்க அரசு விமானத்திலிருந்து நஞ்சு தூவத் தொடங்கியது. பறவைகளும் மீன்களும் மடிந்தன. பிறகு மைரெக்ஸ் என்ற வேறொரு நஞ்சைப் பெருமளவில் தூவினார்கள். அது மண்ணிலும் உயிர்களின் உடலிலும் தங்குவது தெரியவந்து 1970-களின் இறுதியில் நிறுத்தினார்கள். இத்தனைக்கும் நெருப்பெறும்பு ஒழியவில்லை. நஞ்சில் உள்ளூர் எறும்புகளும் சேர்ந்து அழிந்தன. காலியான இடத்தில் நெருப்பெறும்பே முந்திக்கொண்டு மீண்டும் குடியேறியது!

எறும்பின் தலைக்குள் ஓர் ஈ

பிறந்த மண்ணில் இந்த எறும்பு இவ்வளவு அட்டகாசம் செய்வதில்லை. ஏன் என்று ஆராய்ந்த அறிஞர்கள், அங்கே அதற்குப் பல எதிரிகள் இருப்பதைக் கண்டார்கள். கப்பலேறி வந்தபோது எறும்பு தன் எதிரிகளை விட்டுவிட்டு வந்திருந்தது.

அந்த எதிரிகளில் ஒன்று கடுகைவிடச் சிறிய ஓர் ஈ. எறும்பின் மேல் வட்டமிட்டு, மின்னல் வேகத்தில் பாய்ந்து, அதன் உடலில் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வந்த புழு எறும்பின் தலைக்குள் போய் வளர்கிறது. எறும்போ ஒன்றும் அறியாமல் நடமாடும். இரண்டு மூன்று வாரங்களில் புழு ஒரு நீரைச் சுரந்து தலையைப் பிடித்திருக்கும் இணைப்பைக் கரைத்துவிடுகிறது; தலை கழன்று விழுகிறது. அந்தத் தலையோட்டையே கூடாக்கிக்கொண்டு உள்ளே உருமாறி, மேலும் சில வாரங்களில் எறும்பின் வாய் வழியாகப் புது ஈ வெளியே பறக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

இந்த ஈக்கள் கொல்லும் எறும்புகள் கொஞ்சமே. அவற்றால் வரும் பயமே பெரிய பலன். ஈ வட்டமிடத் தொடங்கியதும் எறும்புகள் இரை தேடுவதை விட்டுப் பதுங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் உள்ளூர் எறும்புகளுக்கு இரை கிடைக்கிறது. 1997 முதல் அமெரிக்க வேளாண்துறை ஃபுளோரிடாவில் இந்த ஈக்களை விடத் தொடங்கி, பின்னர் பல மாநிலங்களுக்கும் விரிவாக்கியது. நெருப்பெறும்பு இதனால் அடியோடு ஒழிந்துவிடவில்லை. இழந்த சமநிலையில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

இணையாகக் கருதப்படும் எல்லாரும் ஒன்றுகூடினாலும் ஓர் ஈயைக்கூடப் படைக்க முடியாதென்று ஸூரத்துல் ஹஜ்ஜில் அல்லாஹ் சவால் விடுகிறான். விமானங்களால் ஆகாததை ஈ ஓரளவு செய்து காட்டிய செய்தியைப் படிக்கும்போது அந்த ஆயத் நினைவுக்கு வராமல் போகுமா?

இலங்கை கண்ட அனுபவம்

இனி அந்த வெள்ளவத்தைப் பப்பாளி மரத்துக்கு வருவோம். மெக்ஸிகோ பகுதியைச் சேர்ந்த மாவுப்பூச்சி ஒன்று 2008-இல் இலங்கையில் தென்பட்டது. கொழும்பு, கம்பஹா பகுதிகளில் வீட்டுத் தோட்டங்களின் பப்பாளியும் செவ்வரத்தையும் பஞ்சு ஒட்டியது போல வெளுத்து வாடின. அதே ஆண்டு கோயம்புத்தூரிலும் அது கண்டுபிடிக்கப்பட்டு, தமிழகத்தின் மரவள்ளி, மல்பெரி விவசாயிகளைக் கலங்க வைத்தது. பூச்சியின் மேல் மெழுகுப் படலம் இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது.

எறும்புக்கு இதில் என்ன வேலை? மாவுப்பூச்சி இனிப்பான நீரைக் கசிய விடும். எறும்புகள் அதைக் குடிக்க வரும். குடிப்பதற்குக் கூலியாகப் பூச்சிகளைக் காவல் காக்கும், எதிரிகளை விரட்டும். ஆகவே மரத்தில் எறும்புச் சாரை கண்டால் மேலே இலையடியைப் பார்க்க வேண்டும்.

2009-இல் இலங்கை வேளாண்துறை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவியொன்றைத் தருவித்து விட்டது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு வளரும், மனிதரைக் கொட்டாது. தொல்லை வெகுவாக அடங்கியது. 2010-இல் இந்தியாவும் அதே குளவியை வரவழைத்துப் பலன் கண்டது.

இதற்கு முன்பும் ஒன்று உண்டு. 1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் பாடத்துக்காக வந்த சல்வீனியா என்ற நீர்ச்செடி, வெளியே பரவி நாட்டின் வயல்களையும் குளங்களையும் மூடியது. 1980-களில் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டுதான் அதைத் தின்று குறைத்தது. கெடுதல் நினைத்து யாரும் அந்தச் செடியைக் கொண்டுவரவில்லை. அந்நம்ல் அத்தியாயத்து எறும்பு சொன்னதும் இதுதானே: 'அறியாமல்'!

அதற்காக எந்த உயிரையும் எங்கும் கொண்டுபோய் விடலாமென்று நினைக்கக் கூடாது. 1883-இல் ஹவாய்த் தீவுக்கு எலியை ஒழிக்கக் கீரியைக் கொண்டு போனார்கள். எலி இரவில் திரியும், கீரி பகலில் திரியும். எலி பிழைத்துக்கொண்டது, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகள் போயின. அதனால்தான் இன்று ஒரு ஈயையோ குளவியையோ விடுமுன், அது குறிப்பிட்ட இரையைத் தவிர வேறெதையும் தொடாதென்று பரிசோதித்து உறுதி செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஓர் அளவோடு படைத்தவன் அல்லாஹ். அந்த அளவைப் படித்தறியாமல் கை வைப்பது ஆபத்து.

சகோதரிகளே, நம் கையில் என்ன?

முதலாவது, பயணப் பெட்டி. ஊருக்குப் போய்த் திரும்பும்போது மல்லிகைக் கன்றையும் கறிவேப்பிலைச் செடியையும் வேர்மண்ணோடு துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்புக்காகத்தான் கொண்டுபோகிறோம். ஆனால் அந்த மண்ணில் எறும்பின் முட்டையோ, இலையடியில் மாவுப்பூச்சியோ இருந்தால், ஓர் ஊரின் தோட்டங்களையே அது பாழாக்கலாம். செடி கொண்டுபோவதென்றால் அதற்குரிய அனுமதி பெற வேண்டும். விமான நிலையத்தில் தாவரச் சோதனை இருப்பது நம் நன்மைக்கே. அதை ஏமாற்றிக் கடப்பது பிறர் உரிமையில் கை வைப்பதாகும்.

இரண்டாவது, மருந்துப் புட்டி. மாவுப்பூச்சி கண்டவுடன் மருந்தடித்தால் அதை அடக்க வந்த குளவிதான் முதலில் சாகும். பூச்சி மொய்த்த இலையை நறுக்கிப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

மூன்றாவது, குசினி. சீனி டப்பாவை இறுக மூடுவதும், சிந்தியதை உடனே துடைப்பதும், உணவு வைக்கும் அலுமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதும் நம் உம்மம்மாக்கள் செய்த வைத்தியம். எறும்பு வராமல் தடுத்துவிட்டால் கொல்லலாமா என்ற மஸ்அலாவுக்கே வேலையில்லை. எறும்புப் பொடியும் சாக்பீஸும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டினால் என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளவத்தைச் சகோதரிக்கும் இதையே பதிலாகச் சொல்லி வந்தோம். அறிந்தும் அறியாமலும் அவனுடைய படைப்புகளுக்கு நம்மால் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.