மர்பி டவுனிலிருந்து கடைமடைக்கு

மர்பி டவுனில் மிதிவண்டி ஓட்டுவதற்கும் விசுவாசம் வேண்டும். ஒருபுறம் பழைய மதராஸ் சாலையின் வாகன நெரிசல், மறுபுறம் சந்துகளை அடைத்து நிற்கும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும். முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இந்தப் பேட்டையில் தலைமுறை தலைமுறையாய்த் தமிழர் குடியிருக்கிறோம். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். தமிழில் ஜெபிப்பார்கள், பாடுவார்கள். ஆனால் தமிழ் வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் பலருக்கு வாசிக்க வராது. சபையில் திரையில் ஆங்கில எழுத்துக்களில் போடும் பாட்டைப் பார்த்துத்தான் கைதட்டுகிறார்கள். இது ஒரு வீட்டின் பாரமல்ல. பெங்களூரில் உள்ள அநேக சபைகளின் பாரம்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. தமிழ் வேதாகமம் முதன்முதலாக அச்சேறிய ஊரை அவன் தன் கண்ணால் காணவேண்டும் என்ற வாஞ்சை எனக்கு நெடுநாளாய் இருந்தது. கர்த்தர் கிருபை செய்தார். தை மாதத்தில் ஒரு விடுமுறை வாய்த்தது. பெங்களூரில் மாலையில் இரயில் ஏறினோம். விடியும்போது காவிரி டெல்டாவில் இருந்தோம். மயிலாடுதுறையில் உறவினர் வீட்டில் இரண்டு மிதிவண்டிகள் கிடைத்தன. ஒன்று பழைய கறுப்பு வண்டி. மற்றொன்று அந்த வீட்டுப் பெண்பிள்ளை பதினோராம் வகுப்பில் பெற்ற அரசாங்கத்தின் விலையில்லா வண்டி. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டம், 2005-06 முதல் மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. காலை எட்டரை மணிக்கு எந்தக் கிராமச் சாலையில் நின்று பார்த்தாலும் அதன் பலன் சாரைசாரையாய்ப் போவது தெரியும்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வழி நெடுக ஊர்கள். 1926இல் இதே வழியாய் ஒரு சிறு இரயில் பாதை போட்டார்கள். 1980களில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே பேருந்து, இல்லையேல் மிதிவண்டி.

புறப்பட்ட அரைமணி நேரத்தில் மகன் கேட்டான்: "அப்பா, இங்கே மேடே இல்லையா?" இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஆச்சரியம். கண்ணுக்கெட்டிய மட்டும் தரை தட்டையாய் விரிந்து கிடக்கிறது. தண்ணீர் தானாய் ஓடுவதற்கு எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவே உண்டு. காவிரியிலிருந்து பிரியும் வீரசோழன், மஞ்சளாறு போன்ற ஆறுகளும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் அந்தச் சரிவை நம்பியே கடல்வரை போகின்றன. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். அங்கிருந்து வரும் தண்ணீர் கடைசியாய் எட்டும் நிலங்களுக்குக் கடைமடை என்று பெயர். மர்பி டவுன் குழாயில் வருவதும் அதே காவிரிதான். ஆனால் அது தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வருகிறது. ஒரே ஆறுதான், எங்களிடம் ஏறி வருகிறது, இவர்களிடம் இறங்கி வருகிறது.

ஆக்கூர் அருகே ஒரு தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர், "எங்கிருந்து தம்பி வருகிறீர்கள்?" என்று கேட்டார். பெங்களூர் என்றதும் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கள் பக்கம் இந்த வருஷம் மழை நன்றாய்ப் பெய்ததா?" என்றார். அதில் கோபம் இல்லை. 1991 டிசம்பரில் இந்த ஆற்றின் பெயரால் பெங்களூரில் தமிழர் பட்ட பாட்டை எங்கள் மூத்தவர்கள் மறக்கவில்லை. 2018இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோது, பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாய் ஒதுக்கியது. அந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் நாம். பெரியவர் எங்களிடம் தேநீருக்குக் காசு வாங்க விடவில்லை.

சம்பா அறுவடைக் காலம் அது. சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். ஆகையால் தார்ச்சாலையே களமாகிவிடுகிறது. பேருந்து ஓட்டுநர்கள் முணுமுணுக்கிறார்கள். மிதிவண்டிக்காரனோ ஓரமாய் இறங்கி, நெல்லைத் துழாவும் அம்மாளிடம் வழி கேட்டு, மறுபடி ஏறிக்கொள்கிறான்.

திருக்கடையூரில் அறுபதாம் கலியாணத்துக்கு வந்த கார்களின் கூட்டம். அதைக் கடந்து தில்லையாடிக்கு வந்ததும் வள்ளியம்மை நினைவிடத்தில் இறங்கினோம். அந்தப் பெண் இந்த மண்ணில் பிறந்தவளல்ல. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில், பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்தில் பிறந்தாள். காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று விடுதலையாகி, 1914இல் பதினாறே வயதில் மரித்தாள். மறு ஆண்டு காந்தியடிகள் இந்தக் கிராமத்துக்கு வந்தார். அயலூரில் பிறந்த பிள்ளையை இந்த ஊர் தன் பிள்ளை என்றே சொல்லிக்கொள்கிறது. மகன் அந்த வயதுக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

பொறையார் வந்தால் தரங்கம்பாடி வந்த மாதிரிதான். இங்கே கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம் உண்டு. அச்சுக்குக் காகிதம் போதாமல் மிஷனரிகள் காகித ஆலை வைத்த காரணத்தால் அந்தப் பெயர்.

தரங்கம்பாடியின் நகர வாசலுக்குள் நுழைந்தவுடன் சத்தம் அடங்கிவிடுகிறது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து டேனியர் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. இந்த ஊரை அவர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை இங்கே எத்தனையோ மீனவக் குடும்பங்களை வெறுமையாக்கியது. இவ்வளவையும் இந்தச் சிறு ஊர் பார்த்திருக்கிறது.

1706 ஜூலை 9ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய ஜெர்மானியர்கள். கரையிலிருந்த டேனிய அதிகாரிகளுக்கு அவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. பின்னாளில் சீகன்பால்கு நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். தமிழ் எழுத்தைக் கற்க அவர் செய்தது என்ன? பள்ளிக்கூட ஆசிரியரைச் சிறு பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதினார். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றுவிட்டன. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தையும் அதற்கு உருக்கினதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. இந்திய மொழிகளில் அதற்கு முன் அச்சான புதிய ஏற்பாடு இல்லை.

ராஜா வீதியில் 1718இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1719இல், முப்பத்தாறு வயதில் மரித்த சீகன்பால்கு அதற்குள்ளேயே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். நாம் பெந்தெகொஸ்தேயினர்; கல்லறைகளை அதிகம் தேடிப் போகிறவர்களல்ல. சபையின் சரித்திரமே நம் பிதாக்கள் அபிஷேகம் பெற்ற நாளில் தொடங்கினது போலப் பேசுகிறவர்களும் நம்மில் உண்டு. நாம் மடியில் வைத்து வாசிக்கும் வேதாகமமோ 1871இல் பவர் ஐயரின் குழு திருத்தினது. அதற்கு முன் பெப்ரிசியஸ் ஐயர்; அதற்கும் அடியில் இந்தத் தரங்கம்பாடிப் புத்தகம். அதைச் சுமந்து கிராமம் கிராமமாய் நடந்தவர்கள் தமிழர். அவர்களில் கடலூரில் பிறந்த ஆரோன் 1733இல் இங்கே குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்டு குரு அவரே. மாயவரம் வட்டாரம், அதாவது அன்று காலையில் நாங்கள் மிதித்து வந்த நாடு, அவருடைய ஊழியக் களங்களில் ஒன்று. அவருக்கு மிதிவண்டியும் இல்லை.

கோட்டை மதிலின் நிழலில் அமர்ந்து, கேரியர் பையிலிருந்த புதிய ஏற்பாட்டை எடுத்தேன். மணலில் எழுதின கதையை மகன் விடவில்லை.

"அவருக்கு அப்போது என்ன வயது அப்பா?"

"இருபத்துநான்கு இருக்கும்."

"எனக்குப் பதினான்குதானே."

யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தில் விரலை வைத்தான். வசனம் அவனுக்கு மனப்பாடம், எழுத்துத்தான் அந்நியம். நாவு அறிந்ததைக் கண் ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்தது. ஐந்து வசனத்துக்கு முக்கால் மணி நேரம். இரதத்தோடு ஓடின பிலிப்புவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு என்னைவிடப் பொறுமை இருந்திருக்கும்.

மாலையில் கடற்காற்று முதுகில் வீசத் திரும்பினோம். ஊர்ப் பலகை ஒவ்வொன்றின் முன்பும் பிரேக் பிடித்தான். பொறையாருக்கு வல்லின றகரம் ஏன், ஆக்கூருக்கு இடையின ரகரம் ஏன் என்று ஆரம்பித்து, செம்பனார்கோவில் வரும்வரை விடவில்லை.

போக விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தை, மாசி மாதங்களே ஏற்றவை. சித்திரை வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. காலை ஆறு மணிக்கு முன் புறப்படுங்கள். காற்றடிக்கும் பம்பு ஒன்று பையில் இருக்கட்டும். மயிலாடுதுறையை விட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்லமுடியாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பொறையார் கடைவீதியில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.