படத்தில் இருப்பவர் பேர் என்ன?

உங்கள் வீட்டில் பழைய புகைப்படங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அவை ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்து வீட்டுக்குக் குடி வந்தபோது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்தோம். அந்த டின்னை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தார். அதில் கல்யாணப் படங்கள் உண்டு. தைப்பூசப் படங்கள் உண்டு. என் தாத்தாவின் படம் மட்டும் இல்லை. அவரை யாரும் படம் பிடித்ததில்லை. 1943இல் ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அப்போது என் தகப்பனாருக்கு ஏழு வயது. தாத்தா திரும்பி வரவேயில்லை.

போர்க்காலப் படங்களைப் பார்க்கும்போது நாம் எதைத் தேடுகிறோம் என்பதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச ஆசை. அதற்கு முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திரிகையில் வரும் படங்களை விடாமல் பார்ப்பார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பேர் என்னவாம்?" என்பதுதான். 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் வியட்நாமில் நேப்பாம் குண்டு விழுந்து, உடம்பெல்லாம் தீப்பட்டு, ஆடையில்லாமல் சாலையில் அழுதுகொண்டு ஓடிவந்தாளே ஒரு சிறுமி, அந்தப் படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்தபோதும் பாட்டி, "யாரு பெத்த புள்ளையோ, பேர் என்னவாம்?" என்றுதான் கேட்டார். கிம் ஃபூக் என்ற அந்தப் பெயர் பின்னால் உலகத்துக்கே தெரிந்தது. பிழைத்து வளர்ந்து, கனடாவில் குடியேறி, தாயும் ஆனார் அவர். பெயர் தெரிந்ததால்தான் அந்தப் படத்துக்கு அப்பாலும் அவருக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பதை நாம் அறிந்தோம்.

அதற்கு மறு வருடம். எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளி ஆசிரியர் ஒருவர் இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இரவல் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் படங்கள். இரவு பத்து மணிக்குத் தோட்டத்தில் விளக்கு அணைந்துவிடும். அதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று லயத்து வாசலில் பாயை விரித்து உட்கார்ந்தோம்.

முதலில் வந்தது, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் எடுத்த படம். ஜெனரல் பெர்சிவலும் அவருடைய அதிகாரிகளும் அரைக்கால் சட்டையோடு, ஒருவர் கையில் வெள்ளைக் கொடி, இன்னொருவர் கையில் பிரிட்டிஷ் கொடி என்று, சரணடைவதற்காகப் புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையை நோக்கி நடந்து போகிறார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"துரை வந்தா நாம ரோட்ட விட்டு இறங்கி நிப்போமே, அந்தத் துரைங்களுக்கெல்லாம் மேல உள்ள துரை எப்படிப் போறாரு பாருங்க!"

பாட்டி சிரிக்கவில்லை. "அவனுங்க சண்டை போட்டானுங்க, தோத்தானுங்க. நம்ம வூட்டு ஆம்பளைங்க எந்தச் சண்டைக்குப் போனாங்க?" என்றார். அப்பாவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

நான் பக்கங்களைத் திருப்பினேன். சயாம் ரயில் பாதை வந்தது. கோவணம் கட்டிய ஆட்கள் வரிசையாக ஒரு பெரிய மரத்தைத் தோளில் சுமந்து போகிறார்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பாட்டி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு முதுகின்மேல் விரலை வைத்தார்.

"இவருதான்."

யாருக்கும் பேச்சு வரவில்லை.

"தோளு ஒரு பக்கமா சாஞ்சிருக்கில்ல? பால் வாளியக் காண்டாவுல தூக்கித் தூக்கி அப்படி ஆயிப் போச்சு."

எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்ற பெருமை. படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். "இல்ல பாட்டி, இவங்கள்லாம் வெள்ளைக்காரக் கைதிங்க. கீழ எழுதியிருக்கு."

பாட்டி விரலை எடுத்துக்கொண்டார். "எழுதியிருக்கா? அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை அவர் தொடவில்லை. தாத்தாவைப் பற்றியும் என்னிடம் பேசவில்லை. சாவுச் செய்தி வராத வீட்டில் எந்த நாளைக் கொண்டு திதி கொடுப்பது? 1981இல் கண்ணை மூடும்வரை பாட்டியின் கழுத்தில் தாலி இருந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. படத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். பிறகு எதைத் தவறு என்கிறேன்? அது விளங்க எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

2014இல் நானும் என் மனைவியும் தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரிக்குப் போயிருந்தோம். பாலத்தின்மேல் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் போன பாதை அது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 12,000 பேர் மாண்டார்கள். மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்களோ அவர்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு. மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல கூலி, கொஞ்ச மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். மூடிய சரக்கு வண்டிகளில் ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே உறங்குகிறார்கள். வெட்டிவிட்ட புல், பூச்செடி, வரிசை வரிசையாகக் கற்கள். பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி. இருபத்து மூன்று, இருபத்தைந்து என்று வயதைப் படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கியது. அவர்களும் பெற்ற பிள்ளைகள்தானே?

அந்தப் பெயர்கள் எப்படித் தப்பின தெரியுமா? கைதிகளுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். செத்தவர்களின் பட்டியலை எழுதி ஒளித்து வைத்தார்கள். ஜேக் சால்க்கர் போன்றவர்கள் ஒளித்து ஒளித்துச் சித்திரம் வரைந்தார்கள். ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியர் ஒரு கேமராவையே மறைத்து வைத்துப் படம் எடுத்தார். போர் முடிந்ததும், 1945இல், கல்லறைகளைத் தேடி ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போனது. நம்மவர்களுக்கு யார் பட்டியல் எழுதினார்கள்? யார் தேடிப் போனார்கள்? நம்மவர்களைப் படமே எடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சில படங்கள் உண்டு. அவற்றின் அடியில் 'தமிழ்க் கூலிகள்', 'ஆசியத் தொழிலாளர்கள்' என்றிருக்கும். அவ்வளவுதான்.

அந்தக் கற்களுக்கு நடுவே நின்றபோதுதான், பாட்டி விரல் வைத்தது எதற்கு என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கு விரல் வைக்க ஒரு கல் இல்லை. ஒரு படம் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தேடிய விரலுக்கு அன்று ஒரு முதுகு கிடைத்தது. அதையும் நான் எடுத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அன்று நான், "அப்படியா பாட்டி? தாத்தா எப்படி இருப்பாரு? என்ன பேசுவாரு? போற அன்னிக்கு என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்று கேட்டிருந்தால், விளக்கு அணையும்வரை, ஏன், அணைந்த பிறகும்கூட, பாட்டி சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். படத்தின் அடியில் இருந்ததை நான் படித்தேன். படம் பார்த்தவரின் மனத்தில் இருந்ததைக் கேட்காமல் விட்டேன். தாத்தாவைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தது அந்தச் சாய்ந்த தோள் ஒன்றுதான்.

அவர் பெயர்? பாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்; அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் நான் நச்சரித்தபோது, "முருகன் கோவணத்தோட நிக்கிற மலை இருக்கில்ல, அதுதான்," என்று சொல்லிச் சிரிப்பார்.

கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலிருந்த காட்சியகத்தில் வருகையாளர் ஏடு ஒன்று வைத்திருந்தார்கள். உலகத்து மொழிகளிலெல்லாம் எழுதியிருந்தார்கள். நான் பேனாவை எடுத்து, அந்த மலையின் பெயரைத் தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே, 'தோட்டத் தொழிலாளி. மலாயாவிலிருந்து 1943இல் வந்தவர். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்' என்று எழுதினேன். தாத்தாவைப் பற்றி எங்கேனும் எழுதி வைத்தது அதுவே முதல் தடவை.

வாசக அன்பர்களே, ஜப்பான் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பழைய படங்களை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு பென்சிலும் இருக்கட்டும். அவர் சொல்லும் பெயரைப் படத்தின் பின்னால், அழுத்தாமல், எழுதி வையுங்கள். ஊர், உறவு, வருடம் தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தவறான முகத்தின்மேல் விரல் வைக்கலாம். வைத்தால் வைக்கட்டும். அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். "அவர் எப்படி இருப்பார்?" என்று கேளுங்கள்.