எதிரி... ஸ்டாப்வாட்ச்!

மந்தைவெளி மார்க்கெட் நெரிசலில் சைக்கிளையே உருட்டிக்கிட்டுப் போற ஆள் நான். அண்ணன் பைக்கில் விழுந்து காலை உடைச்சுக்கிட்டதிலிருந்து வீட்டில் 'வேகம்' கெட்ட வார்த்தை.

ஆனாலும் டியூஷன் எடுத்த காசோடு ஆட்டோகிராஸுக்குப் போயிட்டேன்! ஓட்டக் கிடைச்சது பழைய ஃபார்முலா மாருதி. மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜின் முதுகுக்குப் பின்னால, சக்கரமெல்லாம் வெளியே. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூரில் முதல் ரேஸ் ஓட்டினது இந்த வகை கார்லதான்.

ஆட்டோகிராஸில் ஒவ்வொருத்தரா ஓட்டணும். எதிரி ஸ்டாப்வாட்ச்தான். கோனைத் தட்டினா நேரம் கூடும். தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்தா அறுபதே இருநூறு மாதிரி! மூணாவது வளைவில் அவசரப்பட்டு மிதிச்சேன். பின்பக்கம் வழுக்கி, கார் ஒரு முழு சுற்று. ரெண்டு கோன் காலி. கடைசி இடம். சிரிப்பு நிக்கவேயில்லை!

வீட்டு வாசலில் அப்பா. "சட்டையெல்லாம் என்னடா கிரீஸ்?"

"சைக்கிள் செயின்ப்பா."

கையிலிருந்ததைப் பார்த்தார். "சைக்கிளுக்கு எதுக்குடா ஹெல்மெட்?"